சமாதானம் கேட்கப் போனோம்

டெல்லியில் நடந்த மாநாட்டுக்குப் போய்வந்த எங்கள் சபைப் பிள்ளைகள் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். அங்கே மொழிபெயர்ப்பவர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாராம். கேட்பவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொள்வார்களாம். ஒருவர் ஜப்பான் பாஷையில் பேசப் பேச இவர்கள் காதில் இங்கிலீஷ் வந்து விழுமாம். "இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல எப்பிடிய்யா சமாளிச்சீக?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கூண்டுக்குள் இருப்பவனுக்கு என்ன தெரியும்? நானெல்லாம் வெட்டவெளியில் நின்று மொழிபெயர்த்தவன். துரைசானி பேசி முடிப்பதற்குள் ஊர்க்காரர் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து வார்த்தையைப் பொறுக்க வேண்டும். பிசகினால் முதல் அடி மொழிபெயர்ப்பவனுக்குத்தான். கேட்டுவிட்டார்கள் அல்லவா, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபைக்குச் சர்வமத நேயர் சபை என்று பெயர். சீமையிலும் ஜெர்மனியிலும் இலங்கையிலும் பர்மாவிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. முதல் யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சிலர் கூடி, இனி மதத்தின் பேரால் மனிதன் மனிதனை அடிக்கக் கூடாது என்று தொடங்கிய சபை. ஒரு தேசத்துக் கிளையார் இன்னொரு தேசத்துக் கிளைக்கு வந்து, கூடத் தங்கி, பேசிப் பழகிப் போவார்கள். கம்பம் கிளை என்பது கனி ராவுத்தரின் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு மேலே ஓர் அறை, ஒரு பெஞ்சு, நான். சம்பளத்துக்கு இருந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் அன்புக்கு இருந்தார்கள். அதனால் வேலை முழுவதும் என் தலையில்தான் விடிந்தது.

நான் இங்கிலீஷ் படித்தது பாதிரியார் பள்ளிக்கூடத்தில். அதைக் கெடுத்துக்கொண்டது தாலுகா ஆபீசில். அங்கே கொஞ்ச காலம் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். அந்த ஆபீசில் என் கை அதிகம் எழுதியது ஒரே ஒரு வாக்கியம்தான்: "இதற்கு உம்முடைய சமாதானம் என்ன?" மணியக்காரர் வரி பிந்தினால் சமாதானம், அதாவது ஏன் பிந்தியது என்று விளக்கம், கேட்பார்கள். தலையாரி தூங்கினால் சமாதானம் கேட்பார்கள். மேலே இருப்பவர் கேட்பதும் சமாதானம், கீழே இருப்பவன் கைகட்டி நின்று சொல்வதும் சமாதானம். அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தை நாள் முழுக்கப் புழங்கியும் ஒருவருக்கும் நிம்மதி இருந்ததில்லை.

எங்கள் காரியதரிசி கனி ராவுத்தரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏலக்காய் வாங்கக் குமுளிக்கும் அதற்கு அப்பாலும் மலையேறி இறங்குகிறவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் தாடியை ஒருமுறை தடவுவார், அவ்வளவுதான். கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால், மலையாளத்தில் 'போதும்' என்று அர்த்தம் வரும்படி "மதி" என்பார். சின்னமனூரிலிருந்து வரும் சாஸ்திரிகள் ஒருவருக்கு அது தெரியாது. 'மதி' என்று தன் அறிவைத்தான் ராவுத்தர் மெச்சுகிறார் என்று நினைத்து, இன்னும் கால்மணி நேரம் சேர்த்துப் பேசுவார். கடைசி வரைக்கும் அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. நேயர் சபையில் நேயம் இல்லாமல் நடந்துகொள்ளலாமா?

கூட்டம் நடத்த ராவுத்தர் ஒரு முறை வைத்திருந்தார். பேச எழுகிறவர் முதலில் அடுத்தவர் மதத்தில் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தன் மதத்தைப் பற்றி வாய் திறக்கலாம். சாஸ்திரிகள் ரொம்ப யோசித்து, "ராவுத்தமார் விடியுமுன்னே எழுந்திருக்கா, அது நல்ல பழக்கம்" என்றார். ராவுத்தர் எழுந்து, "சாமிகளுக்குச் சுருதி தப்புறதே இல்ல. நேரந்தான் தப்புது" என்றார். பேச்சு இப்படி. சாப்பாட்டு விஷயம் இதைவிடச் சிக்கல். சாஸ்திரிகள் பிறர் கை பட்டதைத் தொட மாட்டார். ராவுத்தர் சில கறியைத் தொட மாட்டார், துரைசானி எந்தக் கறியையும் தொட மாட்டார், ஜெர்மன் பாதிரியாரோ எதையும் விட மாட்டார். எல்லாருக்கும் ஒத்துவந்தது வாழைப்பழம் ஒன்றுதான். அவரவர் கையால் அவரவர் உரித்துக்கொள்ளலாம், தீட்டு இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் சர்வமத ஒற்றுமை பல வருஷம் வாழைப்பழத்தோலுக்குள்தான் பத்திரமாக இருந்தது.

துரைசானி என்றேனே, அவர் வின்டர் அம்மாள். சீமைக் கிளையின் தலைவி. நெட்டையான உருவம், தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் ஒரு தடி. தாடி வைத்த ஜெர்மன் பாதிரியார் பெயர் ஹெல்மர். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார். தமிழ் பத்து வார்த்தை பேசுவார், நூறு வார்த்தை விளங்கும். முந்தின யுத்தத்தில் வின்டர் அம்மாளின் தம்பியும் ஹெல்மரின் அண்ணனும் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் நின்று செத்தவர்கள். இவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சீப்புப் பழத்தைப் பங்கிட்டுச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும். ஒரு சனிக்கிழமை குச்சனூர் வழியாகப் போனபோது கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஹெல்மர், "சனி பகவானிடம் என்ன கேட்கிறார்கள்?" என்றார். "அவர் நம்மைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று" என்றேன். "எங்கள் ஊரில் வரி அதிகாரிக்கு இப்படி ஒரு கோயில் இல்லையே" என்று வருத்தப்பட்டார்.

இனி அந்த ஊர். மார்க்கையன்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் இன்றைக்கும் என்னிடம் சமாதானம் கேட்டு வந்துவிடுவார்கள். மேலத்தெருவில் இந்துக் குடியானவர்கள், கீழத்தெருவில் மாதாகோயில் குடும்பங்கள். நடுவில் ஒரு களம். அந்த வருஷம் மாதா திருநாள் சப்பரம் வரும்போது விட்ட வாணம் மேலே போகாமல் பக்கவாட்டில் பாய்ந்து, மேலத்தெரு நாட்டாமை பேச்சியப்பனுடைய வைக்கோல் படப்பைக் கொளுத்திவிட்டது. வேண்டுமென்றே விட்டார்கள் என்றது மேலத்தெரு. சப்பரப் பாதையில் வேண்டுமென்றே படப்புப் போட்டார்கள் என்றது கீழத்தெரு. மறுவாரம் கீழத்தெருவில் யாரோ வாழையை வெட்டினார்கள். இரண்டு தெருவும் தனித்தனியாகக் கூடி ஒரே தீர்மானம் போட்டன: களத்தைத் தாண்டி யாரும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது, வைத்தால் சொந்தத் தெருவே தள்ளிவைக்கும். அந்தத் தீர்மானத்தில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

வெளிநாட்டார் வந்து பேசினால் ஒருவேளை மனம் இளகும் என்று ராவுத்தர் நினைத்தார். இடம் பார்க்க அவரும் நானும் முதல்நாள் போனோம். நாட்டாமை என்னை ஏற இறங்கப் பார்த்து, "தாலுகா ஆபீசுத் தம்பிதான நீங்க?" என்றார். அந்த வேலையை விட்டு நாளாகிறது என்றேன். "ஆபீச விட்டு யாராச்சும் வெளிய வருவாகளா?" என்று நம்பாமல் சிரித்தார். வேலையை விட்ட அன்று என் அப்பாவும் இதையேதான் சொன்னார்.

நாட்டாமை அப்பால் போனதும் அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். உள்ளே இருந்த மகளைக் கண்ணால் காட்டினாள். நிறைமாதம். முதல் பேறில் பிள்ளை குறுக்கே கிடந்ததாம். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே தாயை மட்டும் மீட்டுக் கொடுத்தவள் கூடப் போன கீழத்தெரு மருத்துவச்சி சவேரியம்மாள்.

"இதுவும் அப்பிடித்தான் கெடக்குன்னு எனக்குத் தோணுது. சவேரி கைபட்டாத்தான் எம்மக பொழப்பா. வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, போன தடவ வண்டியிலதான் பிள்ள போச்சு, ஏற மாட்டேங்கிறா. நாட்டாம வீடே கட்ட மீறலாமாங்காக இவுக. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்காக, பகல்ல மீசய முறுக்குறாக. அத்தா, நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்" என்று ராவுத்தரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

களத்தைச் சுற்றிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனோம். சவேரியம்மாள் வாசலில் புகையிலையை அடக்கியபடி உட்கார்ந்திருந்தாள். "கூப்பிடாம எப்பிடிப் போறது? கூப்பிட்டாத்தான் போயிர முடியுமா? எங்க மாதாகோயில் உபதேசியாரு முந்தி வந்து மறிப்பாரு. அந்தப் புள்ளய நாந்தான் பொறக்க வச்சேன். எங்கையில வளந்ததுங்கய்யா" என்றாள். பிறகு புகையிலையைத் துப்பிவிட்டு, "ஆம்பளைக ரோசத்துக்குப் பொம்பள உசிரு போகணுமாக்கும்" என்றாள். ராவுத்தர் தாடியைத் தடவினார்.

மறுநாள் காலை வாடகைக் காரில் இரண்டு வெளிநாட்டாரும் எங்களோடு வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சைக் களத்தின் நடுவில் போட ராவுத்தர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். எல்லைக்கல்லைப் பார்த்து, பெஞ்சின் இரண்டு கால் மேலத்தெருப் பக்கமும் இரண்டு கால் கீழத்தெருப் பக்கமும் விழும்படி, நான்கு முறை எடுத்து எடுத்து வைத்தார். யார் பக்கமும் விரற்கடை கூடிவிடக் கூடாது. கல்யாணப் பந்தல்கால்கூட அவ்வளவு யோசித்து நட்டிருக்க மாட்டார்கள். இரண்டு தெருவும் தத்தம் பக்கத்தில் கைகட்டி நின்றன.

வின்டர் அம்மாளுக்கு ஓர் ஆசை. முதல் வாக்கியத்தை அவரே தமிழில் சொல்ல வேண்டும். வழியெல்லாம் காரில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம். எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். தடியைத் தரையில் ஊன்றி, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் குரலில் சொன்னார்:

"நாங்கள் உங்களிடம் சமாதானம் கேட்க வந்திருக்கிறோம்!"

நாட்டாமை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். உபதேசியார் அதிகாரி முன்னால் நிற்பதுபோலச் செருப்பைக் கழற்றினார். மோட்டாரில் வந்த வெள்ளைக்காரி, பின்னால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, சமாதானம் என்ன என்று கேள்வி. இவர்களுக்கு அந்த வார்த்தைக்கு வேறு என்ன அர்த்தம் தோன்றும்? தப்பு அந்தம்மாள் மேலும் இல்லை, ஊர் மேலும் இல்லை, தமிழ் மேல்தான். 'அப்படி இல்லை, சாந்தி என்று அர்த்தம்' என்று விளக்க வாயைத் திறந்தேன். ராவுத்தர் என் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"மதி" என்றார்.

நாட்டாமை ஓரடி முன்னால் வந்தார். "தாயி, சமாதானம் சொல்றேன். அந்தப் படப்ப நான் வேணுமின்னு அங்கன போடல. களத்துல தண்ணி கட்டிக் கெடந்துச்சு. ரெண்டு நாளைக்கின்னு சப்பரப் பாதையில போட்டேன். திருநா வந்தது மறந்துபோச்சு. வீம்புக்குச் செஞ்சேன்னு அவுக சொல்றாக. எனக்கு வீம்பு உண்டு, இல்லங்கல. ஆனா இது வீம்பு இல்ல, மறதி. எங்கப்பன் மேல ஆணை."

வின்டர் அம்மாள் என்னைப் பார்த்தார். நாட்டாமை தம்முடைய சமாதானத்தைச் சொல்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தம்மாளின் கண் பளபளத்தது.

மேலத்தெரு சொல்லிவிட்டால் கீழத்தெரு சும்மா இருக்குமா? அதிகாரி கேட்டு ஒரு கட்சி மட்டும் சமாதானம் சொன்னால் மறு கட்சிக்கு ஆபத்தல்லவா? உபதேசியார் முந்திக்கொண்டு வந்தார். "அம்மா, நாங்களும் வேணுமின்னு செய்யல. வாணம் நனஞ்சுபோன வாணம். மேல போகுமின்னு பத்தவச்சா பக்கத்துல பாயுது. மொதல்ல பிடிச்சது படப்பு இல்ல, என் வேட்டி. அங்கிக்குள்ள தீயோட நான் ஓடுனத வெளிய சொன்னா மேலத்தெரு சிரிக்குமேன்னுதான் இத்தன நாளும் சொல்லல."

மேலத்தெருப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது நாட்டாமைதான் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. ஆளாளுக்கு வரிசை கட்டினார்கள். "வாழைய வெட்டுனது நாந்தாங்க. ஆனா கொல தள்ளாத மரமாப் பாத்துத்தான் வெட்டுனேன்" என்றான் ஒருவன். "களத்துல முள்ளப் போட்டது நாங்கதான், ஆனா மக்கிப்போன முள்ளுதான், குத்தாது" என்றான் இன்னொருவன். ஒவ்வொருத்தன் சமாதானத்திலும் 'வேணுமின்னு செய்யல' என்ற வார்த்தை வந்தது. மாதக்கணக்கில் இரண்டு தெருவும் அடுத்த தெருவின் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். நேருக்கு நேர் சொன்னால் தோற்றதாக ஆகிவிடும். துரைசானியிடம் சொன்னால் அது மரியாதை.

ராவுத்தர் என் காதில், "தாலுகா ஆபீசுல கடைசியா என்ன எழுதுவீக?" என்றார். சமாதானம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதினால்தான் விவகாரம் முடியும் என்றேன். "அத அந்தம்மா வாயால வாங்கு."

இவர்கள் கொடுக்கும் சமாதானத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டேன். வின்டர் அம்மாள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, மனப்பூர்வமாக ஏற்கிறேன் என்றார். நான் இருந்த குரலையெல்லாம் கூட்டி, "உங்க சமாதானத்த ஏத்துக்கிட்டாக!" என்று கத்தினேன்.

கீழத்தெருக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சவேரியம்மாள் வந்தாள். "ஏத்துக்கிட்டாகல்ல? அப்ப வழிய விடுங்கலே! அங்கன ஒருத்தி காலையில இருந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா. சிரிப்பாணி பிறகு வச்சுக்கிடலாம்." தெருக் கட்டெல்லாம் காலுக்குத்தான், சேதிக்கு அல்ல. பெண்கள் எப்போதோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். உபதேசியார் ஒதுங்கி நின்றார். நாட்டாமை அவளுக்கு முன்னால் ஓடினார். மீசை வைத்த மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டார் இருவரும் பெஞ்சைவிட்டு எழவில்லை. அந்த வீட்டில் பிரசவம் நடக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். ஹெல்மர் கைகோத்துத் தலைகுனிந்தார். ராவுத்தர் களத்து ஓரத்தில் துண்டை விரித்துத் தொழுதார். மேலத்தெருக் கிழவர் ஒருவர் குச்சனூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் நடத்திய எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒரு சர்வமதப் பிரார்த்தனை நடந்ததில்லை. அழைப்பும் கிடையாது, வாழைப்பழமும் கிடையாது. வெயில் சாயும் வேளைக்கு உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. சவேரியம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்து, "பொட்டப்புள்ள. தாயும் சொகம். குறுக்கதான் கெடந்தா கழுத, திருப்பி எடுத்தேன்" என்றாள். நாட்டாமை அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பும்போது காரில் ஹெல்மர் என் பக்கம் சாய்ந்து, "அவர்கள் கொடுத்தது எந்தச் சமாதானம்?" என்று தமிழில் கேட்டார். மனிதருக்கு விளங்கிவிட்டிருக்கிறது. "இருந்ததைக் கொடுத்தார்கள் ஐயா" என்றேன். தாடிக்குள் சிரித்துக்கொண்டே மார்க்கையன்கோட்டை வரை வந்தார். வின்டர் அம்மாளிடம் அவரும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை நடந்து, ஓடி, வாயாடத் தொடங்கிய வருஷம் சீமையில் மறுபடி யுத்தம் மூண்டது. மலைமேல் இருந்த ஹெல்மரை, ஜெர்மன்காரர் என்பதற்காகப் போலீஸ் வந்து அழைத்துப் போனது. வடக்கே எங்கோ முள்வேலி முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. வின்டர் அம்மாள் அப்போது கொடைக்கானலில் இருந்தார். ஹெல்மரைப் பார்க்க விடவேண்டும் என்று எத்தனையோ பேரிடம் கேட்டும் விடவில்லை. கப்பல் கிடைத்ததும், எங்களிடம் சொல்லிக்கொண்டு போகக் கம்பத்துக்கு வந்தார். கிட்டங்கி மேல் அறையில் அதே பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மறு ஓரம் காலியாக இருந்தது. ராவுத்தர் பழத்தை வைத்தார். யாரும் உரிக்கவில்லை.

அப்போது படியேறி நாட்டாமை வந்தார், தோளில் பேத்தி. பின்னால் ஒரு தார் வாழைப்பழத்தோடு உபதேசியார். அவருக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு சவேரியம்மாள். துரைசானி ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். நாட்டாமை பேத்தியை இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டவில்லை, தோளிலேயே போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"தாயி, உங்க ஊரும் அந்தத் தாடிக்கார ஐயா ஊரும் அடிச்சுக்கிறீகளாமே. ஒத்தப் பெஞ்சில உக்காந்திருந்தீகளே ரெண்டு பேரும். அவரப் பிடிச்சு அடச்சு வேற வச்சிருக்காகளாம். அதான் நாங்க ரெண்டு தெருவும் கூடி வந்திருக்கோம்." பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நாங்கள் உங்களிடம் சமாதானம் கேட்க வந்திருக்கிறோம்."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தம்மாளுக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தன்னிடம் இல்லை, கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லும்படி இங்கிலீஷில் என்னைக் கேட்டுக்கொண்டார்.

"சொல்ல ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

ராவுத்தர் "மதி" என்று சொல்லவில்லை. நாட்டாமை எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதெப்பிடிங்கய்யா? எங்க ரெண்டு தெருவுலயே அம்புட்டுச் சமாதானம் இருந்துச்சே. அத்தாம் பெரிய சீமையில ஒண்ணு கூடவா இல்ல?"